ஹாப்ஸை எப்போது போடுவது? கொதி தொடங்கி பாட்டில் வரை

அக்கா மகன் மெல்போர்னுக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தான். வீட்டிலேயே பியர் காய்ச்சப் போகிறானாம். பின்னால் அடுப்பில் பெரிய எவர்சில்வர் பானை, கையில் பிரித்த ஹாப்ஸ் பொட்டலம், அதாவது பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ. "மாமா, ரெசிபில 60, 15, 5-ன்னு போட்டிருக்கு. கொதி வந்து அஞ்சு நிமிஷத்துல முதல் பொட்டலத்தப் போட்டுரவா?" என்றான். "மாப்ள, கையில இருக்கிறத அப்படியே கீழ வை. அது தலைகீழ்" என்றேன்.

நான் அதே ஊரில் ஆறு வருடம் இருந்தபோது முதல் பானையில் செய்ததும் இந்தத் தப்புதான். வாசனைக்காக வாங்கிய விலை கூடிய ஹாப்ஸை ஐந்தாவது நிமிடத்தில் போட்டேன். கசப்புக்கு வாங்கியதைக் கடைசியில் போட்டேன். மூன்று வாரம் காத்திருந்து பாட்டிலைத் திறந்தால் நிலவேம்புக் கசாயம்போல் நாக்கில் நின்றது. வாசனை என்று எதுவுமே இல்லை. 20 லிட்டர், ஒரு நாள் உழைப்பு. அந்த வருத்தத்தில்தான் ஹாப்ஸ் போடும் நேரத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவனுக்குச் சொன்னதையும் அவசரத்தில் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிப்புக்காக வீட்டில் பியர் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் கூடாது, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே ஈஸ்ட் சேரும் படிகள் எல்லாம் அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும். மதுரையில் இருந்துகொண்டு நான் இப்போது செய்வது ஹாப்ஸ் சோடா. அதில் சாராயமும் இல்லை, நொதிக்க வைப்பதும் இல்லை. அதன் செய்முறை கடைசியில் இருக்கிறது.

கடிகாரம் பின்னோக்கி ஓடும்

ரெசிபியில் 60 என்று இருந்தால், அடுப்பை அணைக்க இன்னும் 60 நிமிடம் இருக்கும்போது போட வேண்டும் என்று பொருள். 15 என்றால் அணைக்க 15 நிமிடம் இருக்கும்போது. 0 என்றால் அணைத்த கையோடு. மொத்தக் கொதி 60 நிமிடம்தான் என்றால், 60 என்று எழுதிய ஹாப்ஸ் முதலில் போகும், 5 என்று எழுதியது 55-வது நிமிடத்தில் போகும். போனில் டைமரை 60-இலிருந்து கீழே இறங்கும்படி வைத்தால் குழப்பமே வராது. திரையில் எந்த எண் தெரிகிறதோ அந்தக் கிண்ணம் பானைக்குள்.

ஆமாம், கிண்ணம். கொதி தொடங்குமுன்பே ஒவ்வொரு நேரத்துக்கும் உரியதை எடைபோட்டுத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடைபோடுவது நடக்கிற காரியம் இல்லை.

ஒரு பூவுக்குள் இரண்டு சரக்கு

ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும் பெண் பூக்கூம்பு. அதன் இதழ்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும், பெயர் லூபுலின். விரலில் தேய்த்துப் பார்த்தால் பிசின்போல் பிடிக்கும். மதுரையில் நான் முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "மாங்காக் காம்பக் கிள்ளுனா வர்ற வாசம்ல இது" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மஞ்சள் தூளுக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள். இவை பச்சையாக நீரில் சரியாகக் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. நன்றாகக் கொதிக்கும்போது இவற்றின் மூலக்கூறு வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகிறது. பியரின் கசப்பு அதுதான். இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும், சூடு வேண்டும்.

இன்னொன்று வாசனை எண்ணெய்கள்: மிர்சின், ஹ்யூமுலின், கேரியோபிலின், லினலூல் போன்றவை. இவற்றுக்குச் சூடே எதிரி. கொதிக்க விட்டால் ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க மணக்கிறது என்றால் பானைக்குள் இருக்க வேண்டியது வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நமக்கு இது புதுச் செய்தி இல்லை. ரசத்தில் புளித்தண்ணீரைக் கொதிக்க விட்டுப் பச்சை வாசனை போனபிறகு, மிளகு சீரகப் பொடியைப் போட்டு நுரை கூடும்போது இறக்கி, மல்லித்தழையைக் கடைசியில் தூவுகிறோம். தழையை முதலிலேயே போட்டால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் தெரியும். இந்த ஒப்புமை வாய்க்கு வந்த உவமை மட்டும் இல்லை. மிளகின் காரமணத்தில் பங்குள்ள கேரியோபிலின் ஹாப்ஸிலும் இருக்கிறது. கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்கான லினலூல் ஹாப்ஸிலும் உண்டு, நம்ம ஊர் மல்லிகைப் பூவிலும் உண்டு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையை மொட்டாகவே ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்புவதைப் பார்த்தவருக்கு, சூடு வாசனையை என்ன செய்யும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஹாப்ஸை எப்போது போடுவது என்று கேட்பதற்கு முன், இந்த ஹாப்ஸிடம் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கசப்பு வேண்டுமென்றால் முதலில். வாசனை வேண்டுமென்றால் கடைசியில். நடுவில் போட்டால் இரண்டிலும் பாதிப் பாதி கிடைக்கும். நடு நேரத்தில், அதாவது 30, 40 நிமிடத்தில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுக் கசப்பும் வராது, வாசனையும் தங்காது.

முதல் கிண்ணம்: 60 நிமிடம்

மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாறு, கொதி வரும்போது புரதம் திரண்டு நுரை மேலே ஏறும், பொங்கல் பானை மாதிரி. அந்த நேரம் பார்த்து ஹாப்ஸைக் கொட்டினால் ஒரே நொடியில் அடுப்பு முழுக்க வழியும். பிசுபிசுப்பு கருகினால் தேய்த்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். தீயைக் குறைத்து, நுரை அடங்கி, மேலே திட்டுத்திட்டாகக் கசடு தெரியும்வரை ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு டைமரை 60-இல் தொடங்கி முதல் கிண்ணத்தைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பானையை மூட வேண்டாம். மூடினால் பொங்கும் என்பதோடு, மால்ட்டிலிருந்து வரும் டைமெதில் சல்ஃபைடு என்ற வேகவைத்த சோளம் போன்ற வாடை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

இந்த இடத்துக்கு ஆல்ஃபா அமிலம் அதிகமுள்ள வகைதான் சிக்கனம். ஜெர்மனியின் மேக்னம் 12 முதல் 14 சதவீதம் வரை வரும். கசப்பு கரடுமுரடில்லாமல் இருக்கும். மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட்டில் உருவாக்கிய பிரைடு ஆஃப் ரிங்வுட் வகையும் இதற்கு ஏற்றது. செக் நாட்டுச் சாஸ் 3, 4 சதவீதம்தான். அதை வைத்து இதே கசப்பைக் கொண்டுவர மூன்று மடங்கு போட வேண்டியிருக்கும், இலைக் குப்பையும் அதே கணக்கில் சேரும்.

சிலர் கொதி தொடங்குவதற்கு முன்பே, சாறு பானையில் இறங்கும்போதே ஹாப்ஸைப் போடுவார்கள். பழைய ஜெர்மன் முறை இது. கசப்பு மிருதுவாக வரும் என்பார்கள். குளிரில் நொதிக்கவிடும் லாகர் வகைப் பியருக்கு எனக்கும் பிடிக்கும். கணக்கில் அதை 60 நிமிடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

கசப்பை ஐ.பி.யு. என்ற அலகில் சொல்வார்கள். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் முழுவதும் பியருக்குள் வராது. எவ்வளவு வரும் என்பது நேரத்தைப் பொறுத்தது. க்ளென் டின்செத் என்பவரின் சூத்திரத்தை வீட்டில் காய்ச்சுபவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரை 1.000 என்று கொண்டு, சாற்றின் அடர்த்தி 1.050 என்று வைத்தால் அதன்படி வருவது இது:

60 நிமிடம்: சுமார் 23 சதவீதம்
30 நிமிடம்: சுமார் 18
15 நிமிடம்: சுமார் 11.5
5 நிமிடம்: சுமார் 4.6

60-க்கு மேல் நீட்டி 90 நிமிடம் கொதிக்க விட்டாலும் 25-ஐத் தாண்டாது. அந்தக் கூடுதல் அரை மணி நேர கேஸ் கசப்புக்காகத் தேவையில்லை.

ஹாப்ஸின் கிராம், ஆல்ஃபா சதவீதம், 10, பயன்படும் பங்கு ஆகியவற்றைப் பெருக்கி, லிட்டரால் வகுத்தால் ஐ.பி.யு. வரும். அக்கா மகனுக்கு 20 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியருக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கு இது. 13 சதவீத மேக்னம் 15 கிராம், 60 நிமிடம்: 15 × 13 × 10 × 0.23 ÷ 20, அதாவது சுமார் 22. 6 சதவீத காஸ்கேட் 25 கிராம், 15 நிமிடம்: சுமார் 8.6. அதே காஸ்கேட் இன்னொரு 25 கிராம், 5 நிமிடம்: சுமார் 3.5. மொத்தம் 34, 35 வரும். பேல் ஏலுக்கு நல்ல அளவு. ஆல்ஃபா சதவீதத்தை அவரவர் பொட்டலத்தின் மேல் பார்த்துப் போடுங்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் அது மாறும்.

அடர்த்தி ஏறினால் கசப்பு இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 1.080 அடர்த்தியில் அதே 60 நிமிடத்துக்கு 17, 18 சதவீதம்தான் கிடைக்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அதாவது கெட்டியாக்கிய மால்ட் சாறு, வாங்கிச் சிறு பானையில் காய்ச்சுபவர்கள், பாதி எக்ஸ்ட்ராக்டை முதலிலும் மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்திலும் சேர்த்தால் இந்த இழப்பு குறையும்.

மலையூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பத்து டிகிரி குறைந்தால் ஆல்ஃபா அமிலம் மாறும் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். அப்படிப்பட்ட உயரத்தில் வசிப்பவர் முதல் கிண்ணத்தின் எடையைக் கூட்ட வேண்டும்.

15, 5, அப்புறம் அடுப்பை அணைத்த பிறகு

15 நிமிடத்தில் போடுவது நாக்குக்கான சுவைக்கு, 5 நிமிடத்தில் போடுவது மூக்குக்கு என்பது பழைய பாடம். முழுக்கச் சரியில்லை என்றாலும் ஆரம்பத்துக்கு வழிகாட்டியாகப் போதும். காஸ்கேட் இங்கே அருமையாக இருக்கும். பம்பளிமாஸ் தோலைக் கீறினால் வரும் மணம். 1972-இல் அமெரிக்காவில் வெளியிட்ட வகை இது.

புதியவர்கள் இந்தக் கட்டத்தில் தவறவிடுவது குளிரவைக்கும் வேகத்தை. அடுப்பை அணைத்ததும் ஹாப்ஸின் வேலை நின்றுவிடாது. பானை 90 டிகிரிக்கு மேலே அரை மணி நேரம் இருந்தால், 5 நிமிடம் என்று போட்ட ஹாப்ஸ் உண்மையில் 20 நிமிட ஹாப்ஸின் அளவுக்குக் கசக்கத் தொடங்கும், வாசனையும் போகும். செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டோ பானையை ஐஸ் தொட்டியில் இறக்கியோ வேகமாகக் குளிர்விக்க வேண்டும்.

அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அடுப்பை அணைத்து, சாற்றை 80 டிகிரிக்கு இறக்கி, அங்கே 30 கிராம் ஹாப்ஸைப் போட்டு, கரண்டியால் ஒரே திசையில் சுழற்றிவிட்டு, மூடி 20 நிமிடம் வையுங்கள். அந்தச் சூட்டில் கசப்பு மாற்றம் மிக மெதுவாக நடக்கும். எண்ணெய்கள் கரையும், ஆனால் அவ்வளவாக ஆவியாகிப் பறக்காது. வேர்ல்பூல் என்று இதற்குப் பெயர். எனக்கு ஒரே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். தெர்மாமீட்டரை நம்புங்கள், கையை நம்பாதீர்கள்; 80-க்கும் 92-க்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது.

ஈஸ்ட் வேலை முடித்த பிறகு

குளிர்ந்த சாற்றில் சேர்த்த ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கி முடித்தபின், அதாவது நொதித்தல் முடிந்தபின், சூடே இல்லாமல் ஹாப்ஸை ஊறவைப்பது ட்ரை ஹாப்பிங். கசப்பு ஏறக்குறைய ஏறாது. வாசனை மட்டும் ஏறும். 20 லிட்டருக்கு 50 கிராமில் தொடங்கலாம். சிட்ரா வகை ஹாப்ஸோ ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி வகையோ இங்கே போட்டால் மாம்பழமும் பேஷன் பழமும் சேர்ந்தாற்போல் மணக்கும்.

நேரம் எப்படித் தெரியும்? அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் ஒரே எண் காட்ட வேண்டும். அப்புறம்தான் போட வேண்டும். நுரைத்துப் பொங்கி நொதிக்கும் நேரத்தில் போட்டால் கிளம்பும் கரியமில வாயு வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் போட்டால் ஈஸ்ட் சில எண்ணெய்களை மாற்றிப் பழவாசனை தரும் என்பதும் உண்மைதான். அது இரண்டாவது மூன்றாவது முறை காய்ச்சும்போது பார்த்துக்கொள்ளலாம். 15 முதல் 18 டிகிரியில் மூன்று நாள் போதும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் வெட்டிய புல் வாடை வரும். பெல்லட்டை, அதாவது பொடித்து அழுத்திய ஹாப்ஸ் துண்டுகளை, மெதுவாகத் தூவுங்கள். பியரில் கரைந்திருக்கும் வாயு திடீரென்று நுரையாக எழும்பும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கலக்கவும் வேண்டாம். காற்று பட்டால் பியர் அட்டைப்பெட்டி வாடை அடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்டால் உண்ண முடியாத பெரிய மாச்சர்க்கரையை உடைத்துச் சிறு சர்க்கரையாக்கும். தூங்கப் போன ஈஸ்ட் எழுந்து மறுபடி வேலை பார்க்கும். அக்கா மகன் மூன்றாம் நாள் அளந்தபோது 1.012-இல் நின்றிருந்தது 1.010-க்கு இறங்கியிருந்தது. அன்றைக்கே பாட்டிலில் அடைக்கத் துடித்தான். "இன்னும் மூணு நாள் பொறு மாப்ள, பாட்டில் வெடிச்சா கண்ணாடித் துண்டு முகத்துலதான் வரும்" என்று நிறுத்திவைத்தேன். எண் நகராமல் நின்ற பிறகு குளிரவைத்து, கசடு அடியில் இறங்கியதும் அடைத்தான். பழுப்புப் பாட்டில்தான் வாங்கச் சொன்னேன். வெயில் பட்டால் ஐசோ ஆல்ஃபா அமிலம் உடைந்து கெட்ட கந்தக நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது.

மிச்சப் பொட்டலம்

பிரித்த ஹாப்ஸைக் காற்று உள்ளே போகாமல் அழுத்தி மூடி ஃப்ரீசரில் வையுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் சில வாரத்திலேயே பழைய சீஸ் நாற்றம் எட்டிப்பார்க்கும். அது வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படிப் போடும்போது, ஊறிய சக்கையானாலும் சரி, தெருநாய்க்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் சூடு அடங்காமல் ஏறி உயிரே போகலாம். கட்டி மூடிய குப்பைக்குத்தான் போக வேண்டும்.

மதுரையில் ஹாப்ஸ் சோடா

இதிலும் முக்கால்வாசி விஷயம் நேரமும் சூடும்தான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, 75 முதல் 80 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுப் பிறகு ஹாப்ஸைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். புளிப்பில்லாத வெறும் தண்ணீரில் ஹாப்ஸ் முரட்டுத்தனமாகக் கசக்கும். காஸ்கேட் பெல்லட் 5 கிராம், மூடி 15 நிமிடம். அதற்கு மேல் விட வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் போடவே வேண்டாம். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், தானாக இறங்கட்டும். பிழிந்தால் பச்சைக் கசடும் சேர்ந்து வரும்.

கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த சோடா சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரை சேர்ப்பதானால் டம்ளரில் சேருங்கள், பாட்டிலில் வேண்டாம்; வைத்திருக்கும்போது நொதித்துவிடும். நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஹாப்ஸுக்குத் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

அம்மா இதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத்தான் குடிப்பார். நானும் இப்போது அப்படித்தான். உப்பு, கசப்பின் ஓரத்தை மழுக்கி எலுமிச்சை மணத்தை முன்னால் கொண்டுவருகிறது.